வேண்டாத வணிகத் தொடர்பு (இந்தியா)

வேண்டாத வணிகத் தொடர்பு என்பது, தொலைபேசிச் சந்தாதாரர் ஒருவர் கேட்காமலும் ஒப்புதல் தராமலும், ஒரு பொருளையோ சேவையையோ விற்கும் நோக்குடன் அவருக்கு விடுக்கப்படும் குரல் அழைப்பு அல்லது அனுப்பப்படும் குறுஞ்செய்தி ஆகும். பேச்சு வழக்கில் இது விளம்பர அழைப்பு, தொல்லை அழைப்பு என்றும் சொல்லப்படுகிறது. இந்தியாவில் இவற்றை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) ஒழுங்குபடுத்துகிறது. விளம்பரம் வேண்டாதோர் தம் எண்ணைப் பதிவு செய்துகொள்ளும் பதிவேடு 2007 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு செய்வதற்கும் புகார் செய்வதற்கும் உரிய எண் 1909 ஆகும்.

இப்பதிவேட்டின் விதிகள் மூன்று முறை பெருமளவில் மாற்றி அமைக்கப்பட்டன. தன்னை அடையாளம் காட்டிக்கொண்டு விளம்பரம் செய்யும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதில் இம்முறை பெருமளவு பயன் தந்துள்ளது. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து அழைப்பவரைக் கட்டுப்படுத்துவதே இதன் தீராத சிக்கலாக இருந்து வருகிறது.

வகைகள்

தொலைபேசிக்கு வரும் செய்திகள் அனைத்தும் விளம்பரங்கள் அல்ல. விதிகள் அவற்றைப் பின்வருமாறு பிரிக்கின்றன.

* பரிமாற்றச் செய்தி: வாடிக்கையாளர் தாமே தொடங்கிய ஒரு செயலுக்காக உடனடியாக அனுப்பப்படுவது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) இதற்கு எடுத்துக்காட்டு.
* சேவைச் செய்தி: ஏற்கனவே உள்ள வணிக உறவு தொடர்பான தகவல். எரிவாயு உருளை முன்பதிவு, தொடர்வண்டிப் பயணச்சீட்டின் நிலை, காப்பீட்டுத் தவணை நினைவூட்டல் முதலியன.
* விளம்பரச் செய்தி: ஒரு பொருளையோ சேவையையோ வாங்கத் தூண்டுவது.
* அரசுச் செய்தி: அரசுத் துறைகள் பொதுமக்களுக்கு அனுப்பும் தகவல்.

இவற்றுள் விளம்பர வகையை மட்டுமே சந்தாதாரர் பதிவேட்டின் மூலம் தடுத்துக்கொள்ளலாம். பதிவு செய்துகொண்டால் வங்கிச் செய்திகளும் நியாயவிலைக் கடைச் செய்திகளும் நின்றுவிடும் என்ற அச்சம் பலரிடம் உண்டு. அது சரியன்று. முழுத் தடையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் பரிமாற்றச் செய்திகளும் அரசுச் செய்திகளும் வந்துகொண்டே இருக்கும்.

பின்னணி

2000களின் தொடக்கத்தில் செல்லிடத் தொலைபேசிக் கட்டணங்கள் விரைவாகக் குறைந்தன. அதே காலத்தில் தனியார் வங்கிகள் கடன் அட்டைகளையும் தனிநபர் கடன்களையும் பெருமளவில் விற்கத் தொடங்கின. ஓர் அழைப்பினால் விற்பவருக்கு ஆகும் செலவு சில காசுகளே. ஆயிரம் பேரில் ஒருவர் வாங்கினாலும் அவருக்கு ஆதாயம் உண்டு. மற்ற 999 பேர் இழக்கும் நேரமும் அமைதியும் அவருடைய கணக்கில் வருவதில்லை. செலவை ஒருவர் ஏற்க, ஆதாயத்தை மற்றொருவர் பெறும் இந்நிலையே சட்டத் தலையீட்டுக்கு அடிப்படைக் காரணமாக அமைந்தது.

2005 ஆம் ஆண்டில் இது தொடர்பான பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட கடன் அட்டை வழிகாட்டுதல்கள், அழைப்பு வேண்டாதோர் பட்டியல் ஒன்றை வங்கிகள் பராமரிக்க வேண்டும் எனக் கூறின. எனினும் ஒவ்வொரு வங்கியும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தால், சந்தாதாரர் ஒவ்வொன்றிலும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டியிருக்கும். எனவே நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு பதிவேட்டின் தேவை உணரப்பட்டது.

வரலாறு

2007 விதிகள்

டிராய் 2007 சூன் 5 அன்று முதல் ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அவற்றின்படி தேசிய அழைப்பு வேண்டாப் பதிவேடு அமைக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. இதனைத் தேசியத் தகவலியல் மையம் பராமரித்தது. பதிவு செய்த ஒருவரின் விருப்பம் நடைமுறைக்கு வர 45 நாட்கள் வரை ஆனது. விதியை மீறிய அழைப்புக்குத் தொலைச் சந்தையாளரிடம் 500 ரூபாய் முதலான தொகை வசூலிக்கப்பட்டது. காத்திருப்புக் காலம் நீண்டதாகவும் தண்டத்தொகை சிறியதாகவும் இருந்தமையால் இம்முறை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

2010 விதிகள்

2010 திசம்பர் 1 அன்று வெளியிடப்பட்ட புதிய விதிகள் 2011 செப்டம்பர் 27 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. இவற்றின் முதன்மைக் கூறுகள் வருமாறு:

* பதிவேடு தேசிய வாடிக்கையாளர் விருப்பப் பதிவேடு எனப் பெயர் மாற்றம் பெற்றது. முழுத் தடை, பகுதித் தடை என இரு தெரிவுகள் தரப்பட்டன. பகுதித் தடையில் வங்கி மற்றும் காப்பீடு, வீடு-மனை, கல்வி, மருத்துவம், நுகர்பொருள் மற்றும் வாகனம், தொடர்பு மற்றும் பொழுதுபோக்கு, சுற்றுலா என ஏழு பிரிவுகள் இருந்தன.
* பதிவு நடைமுறைக்கு வரும் காலம் 7 நாட்களாகக் குறைக்கப்பட்டது.
* தொலைச் சந்தையாளர்களுக்கு 140 எனத் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டன. அழைப்பை எடுக்கும் முன்பே அது விளம்பரம் என்பதை அறிந்துகொள்ள இது வழி செய்தது.
* இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை விளம்பரத் தொடர்புகள் தடை செய்யப்பட்டன.
* பதிவு பெற்ற தொலைச் சந்தையாளரின் முதல் மீறலுக்கு 25,000 ரூபாயும், படிப்படியாக உயர்ந்து ஆறாம் மீறலுக்கு 2,50,000 ரூபாயும் தண்டம் விதிக்கப்பட்டது. ஆறாம் மீறலுக்குப் பின் அவர் கரும்பட்டியலில் சேர்க்கப்படுவார்.

இவற்றுடன், ஒரு சிம் அட்டையிலிருந்து நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளுக்கு மேல் அனுப்பக் கூடாது என்ற வரம்பும் கொண்டுவரப்பட்டது. தம் நண்பர்களுடன் உரையாடும் மாணவர்களையும் இது பாதித்ததால் எதிர்ப்பு எழுந்தது. 2011 நவம்பரில் வரம்பு 200 ஆக உயர்த்தப்பட்டது. வணிக நோக்கமற்ற செய்திகளுக்கு இவ்வரம்பு செல்லாது என 2012 சூலையில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின், 100 செய்திகளைத் தாண்டியவற்றுக்குக் குறைந்தது 50 காசு கட்டணம் என்ற வழி பின்பற்றப்பட்டது. அதுவும் 2020 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

2018 விதிகள்

2010 முறையில் பதிவு பெற்ற தொலைச் சந்தையாளர்கள் விருப்பப் பதிவேட்டின் தரவைத் தரவிறக்கி, தம்மிடம் உள்ள எண்களுடன் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தொல்லை வேண்டாம் எனப் பதிந்தவர்களின் எண்கள், தொல்லை தரக் கூடியவர்களின் கைக்கே சென்று சேர்ந்தன என்பது இதன் குறைபாடு. 2018 சூலை 19 அன்று வெளியிடப்பட்ட விதிகள் இதனை மாற்றின. சந்தாதாரர்களின் விருப்பங்கள், நிறுவனங்களின் பெயர்கள், செய்திகளின் வாசகங்கள் ஆகிய அனைத்தும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஒரு பரவல் பேரேட்டில் பதியப்படுகின்றன. இது தொடரேடு எனப்படும் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டது. உணவு மற்றும் பானங்கள் என்ற எட்டாவது பிரிவும் இவ்விதிகளில் சேர்க்கப்பட்டது.

2025 திருத்தம்

2024 ஆகத்து 13 அன்று, பதிவு பெறாத தொலைச் சந்தையாளர்களின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்து அவர்களை இரண்டு ஆண்டுகளுக்குக் கரும்பட்டியலில் வைக்குமாறு டிராய் பணித்தது. அடுத்த சில வாரங்களில் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. 2025 பிப்ரவரி 12 அன்று 2018 விதிகள் திருத்தப்பட்டன. புகார் செய்வதற்கான காலம் 3 நாட்களிலிருந்து 7 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. பதிவு பெறாதவர் மீதான நடவடிக்கைக்குரிய காலம் 30 நாட்களிலிருந்து 5 நாட்களாகக் குறைக்கப்பட்டது. முன்னர் 7 நாட்களில் 10 புகார்கள் வந்தால் மட்டுமே நடவடிக்கை என்றிருந்தது. திருத்தத்தின்படி 10 நாட்களில் 5 புகார்களே போதும். விருப்பப் பதிவேட்டில் இல்லாதவரும் பதிவு பெறாத அனுப்புநர் மீது புகார் செய்யலாம் என்பது இத்திருத்தத்தின் மற்றொரு சிறப்பு.

செயல்படும் முறை

ஒரு நிறுவனம் பெருமளவில் குறுஞ்செய்தி அனுப்ப விரும்பினால் அது மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதலாவதாக, நிறுவனம் தன்னைப் பற்றிய சான்றுகளைக் கொடுத்துப் பதிவு பெற வேண்டும். இரண்டாவதாக, செய்தியில் அனுப்புநர் பெயராகத் தோன்றும் தலைப்பினைப் பதிய வேண்டும். மூன்றாவதாக, அனுப்பவிருக்கும் வாசகத்தின் வார்ப்புருவைப் பதிய வேண்டும். வார்ப்புருவில் மாறாத சொற்களும், வாடிக்கையாளருக்கு ஏற்ப மாறும் இடங்களும் இருக்கும். "தங்கள் கணக்கில் ___ ரூபாய் வரவு வைக்கப்பட்டது" என்பது போன்ற வாசகத்தில் தொகைக்குரிய இடம் மாறும் பகுதியாகும்.

செய்தி அனுப்பப்படும்போது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினி அதனைப் பேரேட்டுடன் ஒப்பிடுகிறது. தலைப்பு பதிவு பெற்றதா, வாசகம் வார்ப்புருவுடன் பொருந்துகிறதா, விளம்பரமாயின் பெறுபவர் அதனைத் தடுத்துள்ளாரா ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. பொருந்தாத செய்தி கைவிடப்படும். இச்செயல் சலித்தல் எனப்படுகிறது.

தலைப்பைப் படித்தல்

குறுஞ்செய்தியின் தலைப்பில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் காணப்படும். முதல் எழுத்து செய்தியை அனுப்பிய தொலைத்தொடர்பு நிறுவனத்தையும், இரண்டாம் எழுத்து அது புறப்பட்ட தொலைத்தொடர்பு வட்டத்தையும் குறிக்கும். அடுத்து வருவது அனுப்புநரின் பெயர்க் குறியீடு. 2025 திருத்தத்தின்படி இறுதியில் ஒரு சிறு கோட்டுக்குப் பின் செய்தியின் வகையைக் காட்டும் ஆங்கில எழுத்து ஒன்று சேர்க்கப்படுகிறது. விளம்பரத்துக்குப் 'பி', சேவைக்கு 'எஸ்', பரிமாற்றத்துக்கு 'டி', அரசுக்கு 'ஜி' என்பன அவை. நான்கும் அவ்வவ் வகையின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்கள். வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் குறுஞ்செய்தியை ஐயத்துடன் அணுக வேண்டும் என்பதற்கு இவ்வமைப்பே அடிப்படை.

குரல் அழைப்புகளுக்கும் இத்தகைய அடையாளம் உண்டு. விளம்பர அழைப்புகள் 140 எனத் தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும். பரிமாற்ற, சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வங்கிகள் இவ்விரு வரிசைகளையே பயன்படுத்த வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 சனவரியில் பணித்தது. விளம்பரத்துக்கு எண்ணியல் முறையில் ஒப்புதல் கேட்கும் செய்திகள் 127 எனத் தொடங்கும் எண்ணிலிருந்து வரும்.

2021 மார்ச்சு இடையூறு

வார்ப்புருக்களுடன் ஒப்பிட்டுச் சலிக்கும் முறை 2021 மார்ச்சு 8 அன்று கண்டிப்புடன் செயல்படுத்தப்பட்டது. பல வங்கிகளும் நிறுவனங்களும் தம் வார்ப்புருக்களை அதுவரை பதியவில்லை. சில தவறாகப் பதிந்திருந்தன. கணினி அவற்றின் செய்திகளை விதிப்படி கைவிட்டது. இதனால் ஒருமுறைக் கடவுச்சொற்கள் வந்து சேராமல் நாடெங்கும் பணப் பரிமாற்றங்களும் இணையவழிப் பதிவுகளும் தடைப்பட்டன. மறுநாளே டிராய் இம்முறையை ஏழு நாட்களுக்கு நிறுத்தி வைத்தது. பின்னர் அம்மாத இறுதியில், விதிகளை நிறைவேற்றாத நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டு எச்சரித்தது.

வேண்டாததைத் தடுப்பதும் வேண்டியதைச் சேர்ப்பதும் ஒரே சல்லடையின் வேலை என்பதை இந்நிகழ்வு காட்டியது. கண் பெரிதானால் விளம்பரங்கள் நுழையும். சிறிதானால் கடவுச்சொல்லும் தங்கிவிடும்.

பதிவு செய்தல்

விருப்பத்தைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. பின்வரும் வழிகளில் பதியலாம்.

* 1909 என்ற எண்ணை அழைத்துக் குரல் வழிகாட்டலைப் பின்பற்றுதல். நிலைவழித் தொலைபேசி வைத்திருப்போருக்கும் இவ்வழி ஏற்றது.
* 1909 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புதல். முழுத் தடைக்கு ஆங்கில எழுத்துக்களில் 'ஸ்டார்ட்' என எழுதி, இடைவெளி விட்டு 0 என்ற எண்ணை இட வேண்டும்.
* தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செயலி அல்லது டிராயின் டி.என்.டி. செயலி மூலம் பதிதல்.

பகுதித் தடையில் பிரிவு மட்டுமன்றி, அழைப்பா குறுஞ்செய்தியா என்பதையும், எந்தக் கிழமைகளில், எந்த நேரங்களில் என்பதையும் தெரிவு செய்யலாம்.

புகார் செய்தல்

அழைப்போ செய்தியோ வந்த 7 நாட்களுக்குள் 1909க்குப் புகார் அனுப்ப வேண்டும். செய்தியின் சுருக்கம், அனுப்பியவரின் எண் அல்லது தலைப்பு, நாள் ஆகிய மூன்றும் புகாரில் இருக்க வேண்டும். டி.என்.டி. செயலியில் உரிய செய்தியைத் தொட்டாலே இவ்விவரங்கள் நிரப்பப்படும். புகாரை விசாரிப்பது சந்தாதாரரின் தொலைத்தொடர்பு நிறுவனமே. டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை.

தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தை நாடலாமா என்பது நெடுங்காலம் ஐயத்துக்கு இடமாக இருந்தது. 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் அதற்குத் தடை என 2009 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'சேவை' என்பதற்கான வரையறையில் தொலைத்தொடர்பைச் சேர்த்தது. நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. அச்சட்டத்தின்படி புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். எடுத்துக்காட்டாக, தாமிரபரணிக் கரையில் உள்ள முக்கூடல் பேரூராட்சியில் வசிக்கும் ஒருவர், நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், திருநெல்வேலியில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகும்.

அழைப்பில் மோசடி நோக்கம் இருந்து பணம் பறிபோயிருந்தால் அது வணிகத் தொடர்பு அன்று, குற்றம். அந்நிலையில் 1909க்குப் பதிலாக 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனடியாக அழைக்க வேண்டும். பணம் போகவில்லை, ஆனால் மோசடி முயற்சி என ஐயம் எழுகிறது எனில், சஞ்சார் சாத்தி தளத்தில் 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட சக்சு வசதியில் தெரிவிக்கலாம்.

சிறு வணிகர்கள்

விதிகள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியன அல்ல. முக்கூடலில் துணிக்கடை நடத்தும் ஒருவர், விலைச்சீட்டு போடும்போது வாடிக்கையாளர்கள் கொடுத்த எண்களுக்கெல்லாம் தம் சொந்தச் செல்பேசியிலிருந்து தீபாவளித் தள்ளுபடிச் செய்தி அனுப்பினால், அவரும் பதிவு பெறாத தொலைச் சந்தையாளராகவே கருதப்படக் கூடும். விலைச்சீட்டுக்காக எண்ணைக் கொடுத்தது விளம்பரத்துக்கு ஒப்புதல் ஆகாது. 2025 திருத்தத்தின்படி முதல் மீறலுக்கு அனுப்பியவரின் வெளிச்செல்லும் சேவைகள் 15 நாட்களுக்கு நிறுத்தப்படும். மீண்டும் மீறினால் அவருடைய இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். தொழிலுக்கும் குடும்பத்துக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துபவருக்கு இது பேரிழப்பாகும். முறையாக அனுப்ப விரும்புவோர் தாமே நிறுவனமாகப் பதிந்து, பதிவு பெற்ற தொலைச் சந்தையாளர் வழியாக அனுப்ப வேண்டும்.

தமிழ்க் குறுஞ்செய்திகள்

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 குறிகள் இடம்பெறலாம். தமிழ்ச் செய்தி ஒருங்குறி முறையில் அனுப்பப்படுவதால் 70 குறிகளே இடம்பெறும். மேலும் உயிர்மெய் எழுத்துக்களில் துணைக்குறியும், மெய்யெழுத்துக்களில் புள்ளியும் தனிக் குறிகளாகக் கணக்கிடப்படுகின்றன. 'முக்கூடல்' என்ற சொல்லில் ஐந்து எழுத்துக்களே இருப்பினும் அது ஒன்பது குறிகளின் இடத்தைப் பிடிக்கிறது. எனவே ஒரே செய்தியைத் தமிழில் அனுப்ப இரண்டு அல்லது மூன்று குறுஞ்செய்திகளுக்குரிய செலவு ஆகலாம். செலவைக் குறைக்க ஆங்கிலத்திலேயே செய்தி அனுப்பப்படும்போது, ஆங்கிலம் அறியாதவர் கடன் விளம்பரத்தையும் கடன் தவணை அறிவிப்பையும் பிரித்தறிய இயலாது. வகையைக் காட்டும் தலைப்பு எழுத்துக்களும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அவ்வடையாளத்தால் நேரடிப் பயன் குறைவு.

வரம்புகளும் திறனாய்வும்

* இந்திய முறையில் தொல்லையைத் தவிர்க்கும் பொறுப்பு முதன்மையாக நுகர்வோரிடமே உள்ளது. பதிவு செய்யாதவரின் அமைதி, மறுப்பின்மையாகக் கொள்ளப்படுகிறது. பதிவேட்டைப் பற்றி அறியாத முதியோரும் எழுத்தறிவு குறைந்தோருமே இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படக் கூடியவர்கள்.
* விதிகள் தொலைத்தொடர்பு வலையமைப்பின் அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் மட்டுமே பொருந்தும். வாட்சப்பு போன்ற இணையவழிச் செயலிகளில் வரும் விளம்பரங்கள் இவற்றின் எல்லைக்குள் வருவதில்லை.
* பதிவு பெற்றவர் மீது நடவடிக்கை எளிது. அவருக்குப் பெயரும் முகவரியும் உண்டு. பத்து இலக்க எண்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவர், ஓர் எண் துண்டிக்கப்படுவதற்குள் அடுத்த எண்ணுக்கு மாறிவிட முடிகிறது.
* உண்மையான நிறுவனங்களின் தலைப்புகளையும் வார்ப்புருக்களையும் மோசடியாளர்கள் தவறாகப் பயன்படுத்தியமையால், அவற்றை மறுபரிசீலனை செய்யுமாறு 2023 பிப்ரவரியில் டிராய் பணித்தது. முன்பதிவு செய்யப்படாத இணைய இணைப்புகளைக் கொண்ட செய்திகள் 2024 அக்டோபர் 1 முதல் தடுக்கப்படுகின்றன.

தொடர்புடைய சட்டங்கள்

தனிமையுரிமை ஓர் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகத்து 24 அன்று தீர்ப்பளித்தது. 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, விளம்பரச் செய்திகளுக்கு முன் ஒப்புதல் பெறுதல், தொல்லை வேண்டாதோர் பதிவேடு ஆகியவற்றுக்குச் சட்ட அடிப்படையைத் தருகிறது. அப்பிரிவு 2024 சூன் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. எண்கள் எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்கின்றன என்ற வினா 2023 ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றில் நிறுவனங்களுக்கான முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத கால இடைவெளி தரப்பட்டது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 1991 இல் தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தேசியப் பதிவேடு 2003 இல் தொடங்கப்பட்டது. ஆத்திரேலியாவில் 2007 இலும், கனடாவில் 2008 இலும் இத்தகைய பதிவேடுகள் ஏற்பட்டன. சிங்கப்பூரில் 2014 சனவரி முதல் குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் உள்ளன. செருமனியில் முறை வேறுபட்டது. அங்கு நுகர்வோரின் வெளிப்படையான முன் ஒப்புதல் இன்றி விளம்பர அழைப்பு விடுப்பதே சட்டத்துக்குப் புறம்பானது. எனவே அங்கு 'வேண்டாம்' எனப் பதிய வேண்டிய தேவை இல்லை; 'வேண்டும்' என்று சொன்னவரை மட்டுமே அழைக்கலாம்.

இவற்றையும் பார்க்க

* இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்
* குறுஞ்செய்தி
* எரிதம்
* நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019
* தொடரேடு
* தனிமையுரிமை